நோயாளி பிழைப்பாரா? கணக்கு எதுவரை சொல்லும்?

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இஞ்சினியர் பையன், ஏதாவது மெஷின் பத்திப் பேசுவான்" என்று நினைத்து வந்தவர்கள் என்னைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஒரு காய்ச்சலைப் பற்றிப் பேசப் போகிறேன். தலைப்பைச் சொன்னதும் செயலாளர் அண்ணன், "தம்பி, இது மெடிக்கல் காலேஜ் இல்லையேப்பா" என்றார். இல்லைதான். ஆனால் என் பிழைப்பு என்ன? ஆலைகளில் ஓடும் பம்பு, கம்ப்ரசர் இவற்றில் எது சீக்கிரம் நின்றுபோகும் என்று அதிர்வையும் வெப்பத்தையும் பார்த்து முன்கூட்டிச் சொல்வது. என்னோடு ஹாஸ்டலில் இருந்து, பிறகு பொதுச் சுகாதாரப் படிப்புக்குப் போன நண்பன் ஒருவன் (பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வான்) சில ஆண்டுகளுக்கு முன் கேட்டான்: "உன் பம்பு கணக்கை மனுஷனுக்குப் போட முடியுமாடா? எந்த நோயாளி செத்துப்போவான், எவனுக்கு மறுபடி வரும்னு சொல்ல முடியுமா?" அதற்குப் பதில் தேடிப் படித்ததைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

அவன் கேட்டது காலா அசார் நோயைப் பற்றி. இந்தியில் கறுப்புக் காய்ச்சல் என்று பொருள். மருத்துவப் பெயர் விசரல் லீஷ்மேனியாசிஸ். கொசுவைவிடச் சின்னதான மணல் ஈ கடித்து, லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணி உடம்புக்குள் போகிறது. மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் குடியேறுகிறது. வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் காய்ச்சல் விடாது. உடம்பு இளைக்கும், இரத்தம் சுண்டும், வயிறு மட்டும் மண்ணீரல் வீங்கி முன்னால் தள்ளி நிற்கும். மருந்து கொடுக்காவிட்டால் ஏறக்குறைய எல்லோருமே இறந்துவிடுவார்கள். பெரும்பாலும் உயிரை எடுப்பது நிமோனியா, காசநோய், இரத்தக்கசிவு போல எதிர்ப்புச் சக்தி போனபின் வந்து சேருபவை.

இதில் நம்ம ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. இந்தக் கிருமியை 1903-ல் உலகுக்குச் சொன்னவர்கள் இரண்டு பேர். ஒருவர் இங்கிலாந்தில் இருந்த லீஷ்மன். கல்கத்தா பக்கத்து டம்டமில் நோய் கண்ட ஒரு சிப்பாயின் மண்ணீரலில் அதைப் பார்த்திருந்தார். மற்றவர் டொனோவன். அவர் வேலை பார்த்தது சென்னையில், சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே நாம் எல்லோரும் பார்த்திருக்கிற அந்த ஜி.எச்.-சில். இருவர் பெயரையும் சேர்த்து லீஷ்மேனியா டொனோவனி என்று பெயர் வைத்தவர் ரொனால்ட் ராஸ். இப்போது தமிழ்நாடு இந்த நோயின் ஊர் இல்லை. நம் நாட்டில் பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசம் ஆகிய நான்கு மாநிலங்கள்தான் இதன் களம். வெளியே தெற்கு சூடான், சூடான், எத்தியோப்பியா, பிரேசில்.

மருந்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1920-களில் கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி என்ற டாக்டர் யூரியா ஸ்டிபமின் என்ற ஆன்டிமனி மருந்தைக் கொண்டுவந்தார். அது ஏராளமான உயிர்களைக் காப்பாற்றியது. பிறகு அதே ஆன்டிமனி வகையில் சோடியம் ஸ்டிபோகுளுகோனேட் வந்தது. 1990-களில் வட பீகாரில் அது பாதிப் பேருக்கு மேல் வேலை செய்யாமல் போனது. லைபோசோமல் ஆம்போடெரிசின் என்ற மருந்தை ஒரே தடவை டிரிப்பில் ஏற்றினால் போதும் என்று பீகாரில் நடந்த ஆய்வு 2010-ல் காட்டியது. 2014 முதல் நம் அரசுத் திட்டத்தில் அதுதான் முதல் மருந்து. வாயைப் பிளக்க வைக்கும் விலை என்றாலும், 2011-ல் உலக சுகாதார நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, தயாரிக்கும் கம்பெனி நன்கொடையாகத் தர முன்வந்தது.

ஆக, வைத்தியம் கிடைத்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். மீதிப் பேர் யார் என்று முதல் நாளே தெரியுமா என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழுந்த இடம் தெற்கு சூடான். அங்கே மேற்கு அப்பர் நைல் பகுதியில் 1984-லிருந்து பத்து வருடத்தில், உள்நாட்டுப் போருக்கு நடுவே, ஒரு லட்சம் பேர் இந்தக் காய்ச்சலில் இறந்திருக்கலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு அங்கே சிகிச்சை முகாம் நடத்தியது. நோயாளிகள் நூற்றுக்கணக்கில், நர்ஸுகள் விரல்விட்டு எண்ணும் அளவில். கையில் இருந்தது இரண்டு வழி. ஒன்று, ஆன்டிமனியும் பாரமோமைசினும் சேர்த்துப் பதினேழு நாள் ஊசி. விலை குறைவு, ஆனால் வலி அதிகம். இதயத்தையும் கணையத்தையும் தாக்கக்கூடியது. 45 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஆபத்து கூடுதல். இன்னொன்று, லைபோசோமல் ஆம்போடெரிசின். உடம்புக்கு மென்மை, ஆனால் விலை அதிகம், 25 டிகிரிக்கு மேல் சூடேறாமல் பத்திரப்படுத்த வேண்டும். கூடாரத்துக்குள் அந்த வெயிலில் அது எவ்வளவு பாடு என்று யோசித்துப் பாருங்கள். எல்லோருக்கும் கொடுக்க முடியாது. அப்படியானால் யாருக்கு?

அவர்கள் பழைய பதிவேடுகளை எடுத்து உட்கார்ந்தார்கள். யார் இறந்தார்கள், வந்த அன்று அவர்கள் எப்படி இருந்தார்கள் என்று பார்த்தார்கள். வயது, எலும்பும் தோலுமாக இருப்பது, இரத்தசோகை, வாந்தி, இரத்தக்கசிவு, எவ்வளவு நாளாகக் காய்ச்சல் என்று வரிசை வந்தது. அதில் என்னை மிகவும் கவர்ந்தது 'பலவீனம்' என்ற ஒரு கட்டம். நோயாளி தானாக நடந்து வந்தாரா, ஒருவர் பிடித்துக்கொள்ள வந்தாரா, தூக்கிக்கொண்டு வந்தார்களா? அவ்வளவுதான். என் தொழிலில் லட்சக்கணக்கில் செலவு செய்து சென்சார் மாட்டுகிறோம். இங்கே வாசலில் நிற்கும் நர்ஸின் கண்தான் சென்சார். அது சாவைக் கணிப்பதில் பல இரத்தப் பரிசோதனைகளுக்குச் சளைத்ததில்லை.

இப்படி ஒவ்வொரு அடையாளத்துக்கும் ஒன்று, இரண்டு என்று மதிப்பெண் போட்டு, கூட்டி, கோட்டைத் தாண்டினால் 'ஆபத்தானவர்' என்று பிரிப்பதை ஸ்கோர் என்கிறார்கள். பிரேசிலிலும் இது நடந்திருக்கிறது. பியாவி மாநிலத்தின் தெரெசினா நகரத்துக்காரர்கள் பல ஆண்டு நோயாளிகளை வைத்து ஸ்கோர் கட்டி, 2016-ல் ஒரு மென்பொருளோடு வெளியிட்டார்கள். அங்கே நாய்களிடமிருந்து பரவும் வேறு இனக் கிருமி. கைக்குழந்தைகளும், எச்.ஐ.வி. உள்ளவர்களும் அதிகம் இறக்கிறார்கள். மஞ்சள் காமாலை, மூச்சுத் திணறல், தட்டணுக்கள் குறைவது எல்லாம் கணக்கில் வரும். எத்தியோப்பியாவின் வடமேற்கில் எள் வயல் கூலி வேலைக்கு வரும் இளைஞர்கள்தான் பெரும்பாலும் நோயாளிகள். அங்கே கட்டிய ஸ்கோரில் எச்.ஐ.வி.-யும் காசநோயும் தனிக் கட்டங்களாக நிற்கின்றன.

சரி, இவ்வளவு நல்ல ஸ்கோர்கள் இருக்கும்போது, ஒன்றை எடுத்துவந்து பீகாரில் மாட்டிவிடலாமே? என் நண்பனும் இதைத்தான் கேட்டான். கொஞ்சம் கூட்டல் கழித்தல் போட்டுப் பார்ப்போம். கற்பனை எண்கள்தான், வசதிக்காக.

ஒரு ஸ்கோர், இறக்கப்போகும் 100 பேரில் 80 பேரைச் சரியாகப் பிடிக்கிறது. பிழைக்கப்போகும் 100 பேரில் 20 பேரைத் தவறாக 'ஆபத்து' என்கிறது. நூற்றுக்கு 20 பேர் இறக்கும் முகாமில் 1000 நோயாளிகள் வருகிறார்கள். இறக்கப்போகும் 200 பேரில் 160 பேர் பிடிபடுவார்கள்; பிழைக்கப்போகும் 800 பேரில் 160 பேர் வீணாக மாட்டுவார்கள். சிவப்புச் சீட்டு வாங்கிய 320 பேரில் சரிபாதி உண்மை. அதே ஸ்கோரை நூற்றுக்கு 2 பேர் இறக்கும் மாவட்டத்துக்குக் கொண்டு போங்கள். இறக்கப்போகும் 20 பேரில் 16 பேர் பிடிபடுவார்கள். மீதி 980 பேரில் 196 பேர் வீணாக மாட்டுவார்கள். 212 சிவப்புச் சீட்டில் 16 தான் உண்மை, அதாவது பதிமூன்றுக்கு ஒன்று. ஸ்கோரில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. இடம் மாறியதும் அந்தச் சீட்டின் பொருள் மாறிவிட்டது.

பதிமூன்றுக்கு ஒன்று என்றால் பிரயோஜனமில்லை என்று நான் சொல்லவில்லை. சிவப்புச் சீட்டுக்காரருக்கு என்ன செய்யப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. கூட இரண்டு நாள் வார்டில் வைத்து இரத்தம் பார்ப்பதுதான் என்றால் தாராளமாகச் செய்யலாம். பாட்னாவுக்கு அனுப்புவது என்றால், தினக்கூலிக் குடும்பம் வேலையை விட்டு, ஆட்டை மாட்டை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு, கடன் வாங்கிக்கொண்டு போக வேண்டும். பன்னிரண்டு குடும்பங்களை வீணாக அப்படி அலைய வைத்து ஒரு உயிரைக் காப்பது சரியா? சரி என்றே நான் நினைக்கிறேன், அரசு பஸ் செலவையும் கூலியையும் கொடுத்தால். ஆனால் அது கம்ப்யூட்டர் சொல்லும் பதில் இல்லை.

இந்த இடத்தில் ஃபைனல் இயர் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பிராஜெக்ட் ரிப்போர்ட்டில் '98 சதவீத அக்யூரசி' என்று போட்டு வருகிறீர்கள். நூற்றுக்கு இரண்டு பேர் சாகும் இடத்தில் "யாருமே சாக மாட்டார்கள்" என்று எழுதிவைத்த காகிதத்துக்கும் 98 சதவீத அக்யூரசி உண்டு! வைவாவில் நான் உட்கார்ந்தால் முதல் கேள்வியே இதுதான்.

அடுத்து வருவது என் தொழிலில் தினமும் பார்க்கிற சங்கதி. ஒரு பம்பு கெடப்போகிறது என்று எச்சரிக்கை வருகிறது. உடனே பேரிங்கை மாற்றிவிடுகிறோம். பம்பு கெடவில்லை. வருடக் கடைசியில் டேட்டாவை எடுத்துப் பார்க்கிற புதுப் பையன், "சார், அதிர்வு அதிகமா இருந்த பம்பெல்லாம் நல்லாத்தானே ஓடியிருக்கு?" என்கிறான். நன்றாக ஓடியது பேரிங்கை மாற்றியதால். நோயாளிகள் விஷயத்திலும் இதே கதைதான். ஆபத்தானவர்கள் என்று தெரிந்தவர்களுக்கு மென்மையான மருந்தையும் இரத்தத்தையும் முதலில் கொடுக்கிறார்கள். அவர்களில் பலர் பிழைக்கிறார்கள். பிரேசில் சுகாதார அமைச்சகமே 2011-ல் இறப்பைக் குறைப்பதற்கென்று ஒரு கையேடு போட்டு, கடுமையான நோயாளிகளை ஸ்கோர் வைத்துப் பிரிக்கச் சொன்னது. அதன்பின் சேரும் பதிவேட்டை மட்டும் வைத்து ஒருவர் புதுக் கணக்குப் போட்டால், மஞ்சள் காமாலை அவ்வளவு ஆபத்தில்லை என்றுகூட வந்துவிடலாம். அதை நம்பி அடுத்த டாக்டர் சும்மா இருந்தால்? எந்த மருந்து, எப்போது, யாருக்குக் கொடுத்தார்கள் என்று தெரியாத டேட்டாவில் கட்டிய ஸ்கோரை நான் என் வீட்டு மனிதருக்குப் போட விடமாட்டேன்.

பதிவேட்டின் வெற்றுக் கட்டங்களும் இப்படித்தான். 'தட்டணு எண்ணிக்கை' என்ற இடம் காலியாக இருக்கிறது. ஏன்? லேபில் ரசாயனம் தீர்ந்திருக்கலாம். அல்லது அந்த ஆள் வந்த இரவே இறந்துபோயிருக்கலாம். இரத்தம் எடுக்கக்கூட நேரமில்லை. காலிக் கட்டம் உள்ள வரிகளை நீக்கிவிட்டுக் கணக்குப் போடுவது நம்மவர்களுக்கு வழக்கம். நீக்கிய வரிகளில் போனது யார்? மிக மோசமான நிலையில் வந்தவர்கள். எஞ்சியவர்களை வைத்து 'இந்த நோய் இவ்வளவுதான்' என்கிறோம். 'பாதியில் போய்விட்டார்' என்று எழுதிய வரியும் அதே மாதிரி. குணமாகிப் போனாரா, வீட்டில் போய்ச் செத்தாரா? யாருக்குத் தெரியும்.

இதுவரை சாவைப் பற்றியே பேசினேன். பீகாரில் இன்று சாவு மட்டும் பிரச்சினை இல்லை. குணமானவருக்கு மறுபடி வருவது ஒன்று. குணமாகி மாதங்கள், வருடங்கள் கழித்துத் தோலில் வெளிறிய திட்டுகளும் கட்டிகளும் வருவது இன்னொன்று. இதைத் தோல் காலா அசார் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த மனிதருக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை, வயலுக்குப் போய் வருவார். ஆனால் அவரைக் கடிக்கும் மணல் ஈ கிருமியை எடுத்துக்கொண்டு போகிறது. அவருக்குப் பெரிய கெடுதல் இல்லை, ஊருக்குக் கெடுதல். 'மோசமான முடிவு' என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஆனால் பயன்பாட்டுக்கு வந்த ஸ்கோர்கள் பெரும்பாலும் பிரேசிலிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் கட்டியவை, சாவை மட்டுமே கணிப்பவை. நமக்கு வேண்டிய கேள்விக்கு நம் பக்கத்து ஸ்கோர் இல்லை.

அடிப்படை வேலை நடந்திருக்கிறது. பீகாரின் வைசாலி மாவட்டத்தில் லைபோசோமல் ஆம்போடெரிசின் பெற்ற 8,000-க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2014-ல் வந்தது. மறுபடி நோய் வந்தது என்று திரும்பியவர்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. ஆண்கள், ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள், 45-ஐத் தாண்டியவர்கள், சிகிச்சையில் மண்ணீரல் சரியாகச் சுருங்காதவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். முக்கியமான விஷயம், திரும்பியவர்களில் பாதிப் பேருக்கு மேல் வந்தது ஆறு மாதம் தாண்டிய பிறகு. 'ஆறு மாதம் நன்றாக இருந்தால் குணம்' என்று எழுதி ஃபைலை மூடுவதுதான் பழைய வழக்கம். அந்தக் கணக்கில் இவர்கள் எல்லோரும் 'குணமானவர்கள்'! விரலில் இரண்டு சொட்டு இரத்தம் எடுத்துப் பட்டையில் பார்க்கும் விரைவுச் சோதனையும் இங்கே கைகொடுக்காது. ஒருமுறை நோய் வந்தவருக்கு அது வருடக்கணக்கில் 'உண்டு' என்றே காட்டும்.

எச்.ஐ.வி.-யும் சேர்ந்துவிட்டால் கதை வேறு. மறுபடி மறுபடி வரும். அவர்களுக்கு இரண்டு மருந்தைச் சேர்த்து 14 நாள் கொடுக்கும் முறையை 2022-ல் உலக சுகாதார நிறுவனம் தெற்காசியாவுக்குப் பரிந்துரைத்தது. ஆக, இந்த ஒரு பரிசோதனை முடிவு தெரிந்தாலே சிகிச்சை மாறுகிறது. ஸ்கோர் கட்டத் தெரியாத சுகாதார நிலையம்கூட இதைச் செய்யலாம்.

இப்போது ஒரு விசித்திரமான நிலைமை. 2007-ல் நம் நாட்டில் 44,000-க்கு மேல் நோயாளிகள். 2023-ல் ஆயிரத்துக்கும் கீழ். ஒரு வட்டாரத்தில் பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்ற இலக்கை அந்த ஆண்டு எட்டினோம். வங்காளதேசம் 2023 அக்டோபரில், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இதை ஒழித்த முதல் நாடாக அங்கீகாரம் பெற்றது. கொண்டாட வேண்டிய செய்திதான். ஆனால் கணக்குப் போடுகிறவனுக்கு இது இடி. ஸ்கோரில் சேர்க்கும் ஒவ்வொரு அடையாளத்துக்கும் குறைந்தது பத்து மோசமான முடிவுகளாவது டேட்டாவில் வேண்டும் என்று ஒரு பழைய கட்டைவிரல் விதி உண்டு. அதுகூடப் போதாது என்பார்கள் இன்றைய புள்ளியியலாளர்கள். ஏழெட்டு அடையாளம் வைக்க எழுபது எண்பது இறப்பு வேண்டும். ஒரு மாவட்டத்தில், ஏன், ஒரு மாநிலத்தில்கூட அவ்வளவு கிடைக்காது, கிடைக்கவும் வேண்டாம். இன்னொரு பக்கம், நோய் அரிதாக அரிதாக அதைக் கண்ணால் பார்த்த டாக்டர்கள் ஓய்வு பெற்றுப் போகிறார்கள். அடுத்து வருகிறவர் மலேரியா, டைபாய்டு என்று சுற்றிவிட்டு நாலாவது வாரம் இதை நினைப்பார். அனுபவம் இல்லாத அவருக்குத்தான் ஸ்கோர் அதிகம் தேவை.

அதனால்தான் பல நாடுகளின் பழைய மருந்து ஆய்வுகளின் டேட்டாவை, நோயாளி வாரியாக, ஒரே இடத்தில் சேர்க்கும் வேலையை ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள தொற்றுநோய்த் தரவு மையம் செய்துவருகிறது. ஆயிரக்கணக்கான நோயாளிகள் சேர்ந்தால் அரிதான முடிவையும் கணக்கில் பிடிக்கலாம். ஆனால் மருந்து ஆய்வுகளில் ரொம்ப முடியாதவர்களை, கர்ப்பிணிகளை, எச்.ஐ.வி. உள்ளவர்களை அநேகமாகச் சேர்ப்பதில்லை. எனவே அதையும் சாதாரண ஆஸ்பத்திரிப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

கூட்டத்துக்கு வரும் முன் என் நண்பனிடம் ஃபோனில் கேட்டேன்: "உங்க ஊருக்கு ஒரு ஸ்கோர் கட்டணும்னா முதல்ல என்ன வேணும்?" சாஃப்ட்வேர் என்று சொல்வான் என எதிர்பார்த்தேன். அவன் மூன்றே சொன்னான். வீட்டுக்கு அனுப்பும் நாளில் மண்ணீரலை டேப் வைத்து அளந்து சென்டிமீட்டரில் எழுத வேண்டும். 'வீக்கம் குறைந்துள்ளது' என்று எழுதக் கூடாது. எல்லோருக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்து முடிவைப் பதிய வேண்டும். பன்னிரண்டாவது மாதம் ஆஷா பணியாளர் வீட்டுக்குப் போய் ஆளையும் தோலையும் பார்த்து வர வேண்டும். அதற்கு அவருக்குப் பணம் கொடுக்க வேண்டும். "மூணாவதுதான்டா கஷ்டம்" என்றான்.

இந்த மாதிரி டேட்டாவில் கைவைத்துப் பார்க்க விருப்பமுள்ள தம்பி தங்கைகள் சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பிடிக்கலாம். மெஸ் பக்கம்தான் இருப்பேன்.